புகைக்குழாயில் புற்றுமண்

என் நாத்தனார் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் கொண்டுபோன சீர்த்தட்டைப் பற்றி எங்கள் சொந்தத்தில் இன்னும் பேசுகிறார்கள். "அவ செஞ்சது அதிகப்படி" என்கிறார்கள். "நல்ல காரியத்துல போயி இப்படியா செய்வா?" என்கிறார்கள். பேசட்டும். என் மகளைப் பற்றி ஒரு வருஷம் பேசினார்களே, அதைவிட இது எவ்வளவோ மேல். அதிகப்படியா இல்லையா என்று முழுக்கப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் எங்கள் குளியலறையில் மாட்டியிருக்கும் கேஸ் கீசர். சங்கரன்கோவிலில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான். மொட்டைமாடித் தொட்டியை வெயில் காய்ச்சி வைத்திருக்கும். கார்த்திகைக் கடைசியிலிருந்து தை பாதி வரைக்கும்தான் விடியற்காலையில் கொஞ்சம் குளிரும். இதற்குப் போய் கீசர் எதற்கு என்று நான் கேட்டேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. மகள் மார்கழி முழுக்கக் காலையில் தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறவள். அந்த நேரத்தில் கரண்ட் இருக்குமா இருக்காதா என்று யாருக்கும் தெரியாது. அதனால் சிலிண்டரில் ஓடுகிற கீசர்தான் சரி என்று வாங்கி மாட்டிவிட்டார்.

தண்ணீர் ஓடும்போதே அதற்குள் அடுப்பு மாதிரி எரிந்து சுடவைக்கும். புகை வெளியே போவதற்கு மேலே ஒரு தகரக் குழாய். அது சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, பின்பக்கத்து முருங்கை மரத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். நானும் இவரும் எந்த மாதமானாலும் பச்சைத்தண்ணீர்தான். கீசரைப் போடுகிறவள் மகள் ஒருத்திதான், அதுவும் மார்கழியில் மட்டும். மற்ற மாதமெல்லாம் அது சும்மா தொங்கும்.

போன வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் பின்சுவர் மேல் ஒரு சாரைப்பாம்பு ஊர்ந்து போனது. எங்கள் ஊரில் பாம்பை அடிக்கமாட்டோம். கோயிலில் கொடுக்கிற புற்றுமண்ணை வாங்கிவந்து வாசலில் கட்டுவோம், கொஞ்சம் நெற்றியில் பூசிக்கொள்வோம், அவ்வளவுதான். அதற்கு மேல் அது வராது என்பது எங்கள் நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு, இப்போதும் உண்டு.

புற்றுமண்ணைக் கொண்டுவந்தது என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் அக்கா, அடுத்த தெருவில் இருக்கிறாள். முகத்துக்கு நேரே நான் 'மைனி', வாங்க போங்கதான். எழுதும்போது அவ்வளவு மரியாதை கைக்கு வரமாட்டேன் என்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். நானும் இவரும் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்த அன்று, எங்கள் வீட்டுச் சாவியை வாங்கி வைத்திருந்தவள் அவள். மண்ணை மஞ்சள் துணியில் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி அங்கங்கே வைத்துவிட்டுப் போயிருந்தாள். முன்வாசலில் ஒன்று தொங்கியதைப் பார்த்தேன், கிணற்றடியில் ஒன்றைப் பார்த்தேன். சந்தோஷப்பட்டேன் என்பதுதான் உண்மை.

மார்கழி பிறந்தது. முதல் நாள் காலையில் நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். மகளோடு கோயிலுக்குப் போவதற்காக நாத்தனாரும் வந்து உட்கார்ந்திருந்தாள். மகள் குளிக்கப் போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது. அவளுக்கு முடி அதிகம், தலைக்குக் குளித்தால் எப்போதும் நேரம் எடுக்கும். குளிர்காற்று வருகிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் குளிப்பாள். உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கூப்பிட்டோம், பதில் இல்லை. இவர் ஓடிவந்து கதவை எட்டி உதைத்ததில் கொண்டி பிய்த்துக்கொண்டு போனது.

மகள் தரையில் கிடந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கண் மேலே சொருகியிருந்தது. நான் துணியைப் போர்த்திவிட்டுக் கத்திக்கொண்டிருந்தேன். இவரும் நானும் சேர்ந்து அவளை வெளித் தாழ்வாரத்துக்கு இழுத்துவந்து போட்டோம். நாத்தனார் தன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி மகளின் கையில் வைத்து, விரலை மடக்கி அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலிப்பு வந்தவர்கள் கையில் இரும்பைக் கொடுப்பது எல்லா ஊரிலும் இருப்பதுதான். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. மகள் கண்ணைத் திறந்தாள்.

"பாத்தியாட்டி, இரும்பு பட்டதும் நின்னுருச்சு" என்றாள் நாத்தனார்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் மகளின் தலையெழுத்தை எழுதினாள்.

திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, தலையில் ஒரு கோளாறும் இல்லை, மறுபடி வந்தால் வாருங்கள் என்றார். குளிக்கும்போது மயங்கிவிட்டாள் என்று மட்டும்தான் நாங்கள் சொல்லியிருந்தோம். கீசர் என்ற பேச்சே வரவில்லை. யாருக்குத் தோன்றும்?

தையில் புளியங்குடியிலிருந்து ஒரு வரன் வந்தது. எலுமிச்சை மண்டி வைத்திருக்கிற குடும்பம். கொண்டுவந்தது எனக்குச் சித்தி முறையாகிற ஒருத்தி, புளியங்குடியிலேயே வாழ்க்கைப்பட்டவள், நாத்தனாருக்கும் நல்ல பழக்கம். வந்து பார்த்தார்கள், பிடித்துப்போனது, பூ வைக்க நாள் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்புறம் சத்தமே இல்லை. ஒரு நாள் சித்தி மட்டும் தனியாக வந்தாள். காப்பியைக்கூட வாங்கவில்லை.

"பிள்ளைக்கு வலிப்பு இருக்காமே. ஒரு வார்த்த சொல்லலியே நீ" என்றாள்.

"யாரு சொன்னா?"

"ஒங்க நாத்தனாரே சொல்லுதாக. சாவி குடுத்ததே அவுகதானாம்."

அவள் எதனால் இப்படிச் சொல்லித் திரிகிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாத்தனார் தன் மகனுக்கு என் மகளைக் கேட்டாள், முறைதானே என்று. மகள், "அத்தானை நான் கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சுட்டேன்மா, வேண்டாம்" என்றாள். நான் பக்குவமாகத்தான் மறுத்தேன். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். ஆனால் மனதுக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்திருக்கிறாள்.

வரன் முறிந்த மறுவாரம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள் பாருங்கள், அதைத்தான் என்னால் சாகும்வரைக்கும் மறக்கமுடியாது. என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தன் தம்பியைப் பார்த்துச் சொல்கிறாள்: "இனிமே எவன்டா இவளக் கட்டுவான்? எம்மகன் கட்டிக்கிடுவான். வலிப்பு இருந்தா இருந்துட்டுப் போட்டும். வீட்டுக்குள்ளயே வச்சுப் பாத்துக்கிடுதோம்." உடைத்ததும் அவள், ஒட்டவைக்க வந்ததும் அவள். என் மகள் உள் அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பழத்தை எடுத்து மாட்டுக்குப் போட்டேன். பக்கத்து வீட்டு மாடு நன்றாகத்தான் தின்றது.

வரன் போனதுகூடப் பெரிதில்லை. என் மகள் தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஸ்கூட்டரில் போய்வருவாள். சின்ன வயதிலிருந்தே யாரிடமும் எதுவும் கேட்டு நிற்காதவள். இவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நடு ரோட்டுல வந்துச்சுன்னா என்னட்டி செய்ய?" என்றார். அதிலிருந்து அவர்தான் கொண்டுபோய் விடுவார், அவர்தான் கூட்டிவருவார். இருபத்தைந்து வயதுப் பெண் பள்ளிக்கூட வாசலில் பையைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்காகக் காத்திருப்பாள், அவளிடம் படிக்கிற பிள்ளைகள் சைக்கிளில் அவளைக் கடந்து போகும். குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக்கூடாது. நான் வாளியில் தண்ணீர் காய்ச்சி ஊற்றிவிட்டுக் கதவுக்கு வெளியே நிற்கவேண்டும். "ஒங்களுக்கு வேற சோலி இல்லையாம்மா?" என்று உள்ளேயிருந்து கேட்பாள்.

வைகாசியில் வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் தட்டு எடுக்கிற பெண்களோடு என் மகளும் ஒரு வெற்றிலைத்தட்டைக் கையில் எடுத்தாள். நாத்தனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "ஏட்டி, இவ கையில எவட்டி தட்டக் குடுத்தது? நடுவுல விழுந்து வச்சா அபசகுனமால்லா போயிரும்" என்று தட்டைப் பிடுங்கி வேறொருத்தியிடம் கொடுத்தாள். எல்லோரும் பார்த்தார்கள். என் மகள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்பி வந்தோம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் மனதுக்குள் அவளிடம் ஒன்று சொன்னேன். இந்தத் தட்டை உன் கையாலேயே தூக்கவைக்கிறேன், அவள் வீட்டிலேயே தூக்கவைக்கிறேன் என்று. எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது.

இந்த வருஷம் கார்த்திகை மழையில் இவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பச்சைத்தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வருஷமாகச் சும்மா தொங்குகிற கீசரை மார்கழிக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, ராஜபாளையம் ரோட்டில் இருக்கிற கடையில் சொல்லி ஆள் வரவழைத்தேன். வந்தவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டே கீசரைச் சுற்றிப் பார்த்தான். பார்த்த உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"யக்கா, இது பழைய மாடல். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க. நம்ம கடையிலயே நல்லதா இருக்கு."

"தம்பி, ஒன்னைய வியாபாரத்துக்குக் கூப்பிடல. தொடச்சு, எரியுதான்னு பாத்துக் குடு. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு கழற்றினான். தூசி தட்டினான், பற்றவைத்தான். நீலமாக எரியவேண்டியது மஞ்சளாக எரிந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை கனத்தது. அவன் சட்டென்று அணைத்துவிட்டு, போனையும் வைத்துவிட்டு, "வெளிய வாங்கக்கா, மொதல்ல வெளிய வாங்க" என்று என்னைத் தள்ளாத குறையாகக் கூட்டிவந்தான். ஜன்னலைத் திறந்தான்.

"புகை போகலக்கா. உள்ளயே திரும்புது. குழாய்ல ஏதோ அடச்சிருக்கு. அணில் கூடு கட்டிருக்கும்."

பின்பக்கம் போய், ஏணி போட்டு ஏறி, கம்பியை வளைத்துக் குழாய்க்குள் விட்டான். ஒன்று மாட்டியது, இழுத்தான். வரவில்லை, இன்னும் பலமாக இழுத்தான். பொத்தென்று என் காலடியில் விழுந்தது. அணில் கூடு இல்லை. ஓரமெல்லாம் கரி பிடித்து, நடுவில் மட்டும் மஞ்சள் தெரிகிற ஒரு துணி முடிச்சு. கையில் எடுத்தேன், நல்ல கனம். உள்ளே மண் சூட்டில் இறுகிச் செங்கல் மாதிரி ஆகியிருந்தது. முன்வாசலில் தொங்குகிற முடிச்சும் அதே துணி, அதே இரட்டை முடிச்சு.

"இத எவன்கா உள்ள வச்சது?" என்றான் அவன். "ஜன்னலையும் சாத்திட்டுக் குளிச்சா, ஆளு அவ்வளவுதான். மணமே தெரியாது இந்தப் புகை. மயங்கி விழுந்து, கையி காலு இழுத்துரும். கதவத் தொறந்து காத்துல போட்டாத்தான் பொழைக்கும்."

ஒரு வருஷம். என் பிள்ளை தலைகுனிந்து நடந்த ஒரு வருஷமும் என் உள்ளங்கையில் கனத்தது. அழுகை வந்தது, ஆனால் அது கொஞ்ச நேரம்தான். அதற்கப்புறம் வந்தது வேறு. அவன் போனதும் முடிச்சை ஒரு டப்பாவில் வைத்து மூடி, முகத்தைக் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பினேன்.

அவள் சந்தோஷமாக இருந்தாள். மகனுக்கு இளையரசனேந்தலில் பெண் பேசி முடித்திருந்தாள். மார்கழி பிறப்பதற்குள் நிச்சயத்தை முடிக்கவேண்டும் என்று பரபரத்துக்கொண்டிருந்தாள். காப்பி கொடுத்தாள். நான் ஆற்றி ஆற்றிக் குடித்தேன்.

"மைனி, மறுபடியும் பொறத்த சுவரு மேல பாம்பு வந்துச்சு. போன வருசம் நீங்க மண்ணு வச்ச ராசி, வீட்டுக்குள்ள வரல. எங்கெங்க வச்சீகன்னு சொன்னா, இந்த வருசமும் அதே எடத்துல வச்சுருவேன்."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. விரலை மடக்கிச் சொன்னாள். "முன்வாசல்ல ஒண்ணு. கெணத்தடியில ஒண்ணு. பொறத்த அந்தத் தகரக் கொழா நீட்டிக்கிட்டிருக்குல்லா, அதுக்குள்ள ஒண்ணு. அந்த வழியா நேரே குளிக்கிற ரூமுக்குள்ள வந்துரும் பாத்துக்க. அதான் ஏணியில ஏறி, கம்ப வச்சு நல்லா உள்ள தள்ளி, இறுக அமுக்கி வச்சேன். ஒனக்கெல்லாம் அந்த யோசன வருமா?"

"வராது மைனி" என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

காப்பி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். நடக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. எதிரே வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

இவரிடம் டப்பாவைத் திறந்து காட்டினேன், எல்லாம் சொன்னேன். இவர் முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் தலையைச் சொறிந்தார்.

"அக்கா நல்லதுக்குத்தான் வச்சிருப்பா."

"நல்லதுக்குத்தான் வச்சாக. நான் அதுக்கா கேக்கேன்? வலிப்புன்னு ஊரு பூரா சொன்னதும் நல்லதுக்கா? நம்ம வீட்டுலயே வந்து, வீட்டுக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுதேன்னு சொன்னதும் நல்லதுக்கா?"

"அதில்லட்டி. சாவி குடுத்ததும் நின்னுச்சே. நானே கண்ணால பாத்தேன்லா. கீசர்க்காரன் என்ன டாக்டரா?" சட்டைப்பையைத் தடவிக்கொண்டார். ஸ்கூட்டர் சாவி அங்கேதான் இருந்தது. "அக்காவே இல்லன்னு சொன்னா அது வேற விசயம்."

அப்போதுதான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. கீசர்க்காரன் சொல்லி, நான் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. திருநெல்வேலி டாக்டர் சொன்னதையே இவர் நம்பவில்லையே. சொன்ன வாயே சொன்னால்தான் இவருக்கும் ஏறும், ஊருக்கும் ஏறும். சும்மா கேட்டால் சொல்வாளா அவள்? சொல்லவைக்கவேண்டும்.

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவளிடம் சொன்னேன். அவள் முடிச்சைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புளியங்குடிக்காரங்கள மறுபடி கூப்பிடச் சொல்லட்டா?" என்று கேட்டேன்.

"அந்த ஆளு ஒரு பேச்சக் கேட்டு ஓடுனவரு. அவரு எதுக்கு? எனக்கு என் ஸ்கூட்டர் வேணும்மா." பிறகு மெதுவாகக் கேட்டாள். "அத்தை வீட்டு நிச்சயத்துக்கு நம்ம தட்டு எத்தன?"

என் வயிற்றில் பிறந்தவள்தானே. நான் விளக்கிச் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை.

எங்கள் பக்கம் நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து கிளம்பும்போது, தாய்மாமன் வீட்டுத் தட்டுதான் முதலில் வாசலேறி வரவேண்டும். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் என் வீட்டுக்காரர். வருகிற தட்டுகளை நடுவீட்டில் வரிசையாக வைத்து, மேலே போட்ட துணியை எடுத்துவிட்டு, சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். சேலை என்ன விலை, பழம் எத்தனை தினுசு என்று பேசுவார்கள். அப்புறம்தான் எல்லாம் வேனில் ஏறிப் பெண் வீட்டுக்குப் போகும். நான் ஒரு குறையும் வைக்கவில்லை. தேங்காய், பழம், பூ, மஞ்சள் குங்குமம், வேட்டி சட்டை, லட்டு எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசித் தட்டை மட்டும் சிவப்புப் பட்டுத்துணி போட்டு மூடியிருந்தேன். அதை என் மகள் எடுத்துக்கொண்டாள். இவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இருமலோடு ஸ்கூட்டரில் முன்னால் போய்விட்டார்.

நாத்தனார் பட்டுச்சேலையில் வாசலில் நின்று வரவேற்றாள். வீடு நிறையப் பெண்கள். புளியங்குடிச் சித்தியும் இருந்தாள். அவள் வராமல் போயிருந்தால் தேரை இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டாவது வந்திருப்பேன், அவ்வளவு வேண்டியிருந்தது எனக்கு அவளை. தட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கடைசியாக என் மகள் படியேறினாள். நாத்தனாரின் முகம் மாறியது.

"ஏட்டி, இவ கையில எதுக்குத் தட்டு? நல்ல நாளும் அதுவுமா..." என்று இரண்டு கையையும் நீட்டினாள், வாசுதேவநல்லூரில் நீட்டின மாதிரியே.

"விடுங்கத்தை. நான் விழமாட்டேன்" என்றாள் மகள். விலகி நடந்து போய் நடுவீட்டில் நின்றாள். தட்டைக் கீழே வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். நான் போய்ப் பட்டுத்துணியை எடுத்தேன்.

வெற்றிலைக்கு நடுவில் கரிபிடித்த மஞ்சள் முடிச்சு. பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "இது என்னதுட்டி?" என்று கேட்டாள் சித்தி.

"மைனிகிட்ட கேளுங்க சித்தி. அவுக வீட்டுச் சாமான்தான்" என்றேன்.

நாத்தனார் முடிச்சைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். காப்பி குடித்த அன்று நான் எதற்கு வந்தேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு உறைத்தது. அதை நான் கண்குளிரப் பார்த்தேன்.

"சாமி மண்ண இப்படியாட்டி கொண்டாருவாக?" என்று தொடங்கினாள்.

"சாமி மண்ணு மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. பாம்பு வரப்படாதுன்னு வச்சீக, அதுக்குக் கையெடுத்துக் கும்பிடுதேன். கீசர் புகை வெளிய போகாம உள்ளயே திரும்புதுன்னு கண்டுபிடிச்சு, கீசர்க்காரன்தான் இத எடுத்துக் குடுத்தான். அத எங்கன வச்சீக, அதனால என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லிருங்க."

"இப்ப என்னட்டி அந்தப் பேச்சு? வேனு வந்து நிக்கி."

"நிக்கட்டும். இந்தத் தட்டும் வேனுல ஏறும். அங்கன பொண்ணு வீட்டு ஆளுக இது என்னன்னு கேப்பாக, நான் மொதல்ல இருந்து சொல்லுவேன். சாவிய, வலிப்ப, புளியங்குடிய, ஒண்ணு விடாமச் சொல்லுவேன். இங்கனயே எறங்கணும்னா நீங்க சொல்லணும்."

இவர் வாசலிலிருந்து உள்ளே வந்து, "ஏட்டி, என்ன இது?" என்றார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நாத்தனார் தன் தம்பி முகத்தைப் பார்த்தாள், உதவிக்கு வருவான் என்று. அவர் தட்டிலிருந்த முடிச்சைப் பார்த்துவிட்டு, "சொல்லுக்கா" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவருடைய ஒரு வருஷத்து மௌனத்தை நான் மன்னித்துவிட்டேன். முழுக்க இல்லை, பாதி.

அவள் வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தாள்.

"சத்தமாச் சொல்லுங்க மைனி. புளியங்குடி வரைக்கும் கேக்கணும்."

"நாந்தான்..." தட்டைப் பார்த்துவிட்டுச் சித்தியைப் பார்த்தாள். "நாந்தான் அந்தக் கொழாய்ல மண்ண அமுக்குனேன். புகை வெளிய போக வழி இல்லாம உள்ளயே நின்னுருக்கு. அதுலதான் பிள்ள மயங்கி விழுந்திருக்கா. வலிப்பெல்லாம் ஒண்ணும் கெடையாது."

சித்தி விடவில்லை. நான் கேட்கச் சொல்லவில்லை, அவளாகவே கேட்டாள். "அப்ப சாவி குடுத்ததும் நின்னுச்சுன்னு சொன்னீக?"

அதுதான் நாத்தனாருக்கு உயிர் போகிற இடம். ஒரு வருஷமாக எந்த வீட்டுக்குப் போனாலும் சொன்ன பெருமை அது. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அதை அவள் வாயாலேயே கேட்டவர்கள்.

"கதவ ஒடச்சு வெளிய கொண்டாந்து போட்டதுல நின்னுருக்கும்" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "சாவி ஒண்ணும் செய்யல."

என் மகள் சாமி படத்துக்கு முன்னால் போய்த் தட்டை இறக்கிவைத்தாள், ஒரு வெற்றிலை அலுங்கவில்லை. திரும்பினபோது இவர் சட்டைப்பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. மகள் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து, விரலை மடக்கிக்கொண்டு, நேராக அத்தையின் முன்னால் போய் நின்றாள்.

"இரும்பு பட்டுருச்சு அத்தை" என்றாள். "இப்ப எனக்கு எல்லாம் சரியாப் போச்சு."

எனக்கு அவ்வளவு அழகாகத் திட்ட வராது.

சொன்ன சொல் தவறாமல் அந்தத் தட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். பெண் வீட்டில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை, நிச்சயம் குறையில்லாமல் நடந்தது. பெண் வீட்டுக்குக் கிளம்பும்போது இவர் வேனில் ஏறிக்கொண்டார். நான் மகளுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் உட்கார்ந்தேன். ஒரு வருஷம் ஓட்டாதவள் என்று பயமாகத்தான் இருந்தது, அவள் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஊரைத் தாண்டியதும் வேன் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. மகள் ஹாரனை அடித்துக்கொண்டே அதை முந்தினாள். முன்சீட்டில் நாத்தனார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அவள் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன. ஒரு கையை எடுத்து, மரியாதையாக, மைனிக்கு டாட்டா காட்டினேன்.